இராக்கம்மா கேட்காத கேள்விகள்

ஆஸ்பத்திரித் துப்புரவைக் கொந்தராத்துக்கு எடுத்த கம்பெனிக்காரன் இராக்கம்மாவுக்குக் கொடுத்தது ஒரு பச்சைச் சட்டை, ஒரு வாளி, ஒரு துடைப்பம். பொம்பிளைகள் வார்ட்டைக் காலையும் மத்தியானமும் கூட்டித் துடைக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் கம்பெனி கொடுக்காத ஒன்று அவளிடம் இருந்தது. சிங்களம். பஸ் ஸ்டாண்டில் பொறுக்கிய அரைகுறைச் சிங்களமில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய், பத்து வருஷம் ஒரு சிங்கள எஜமானியம்மாவிடம், அந்த நோனாவிடம், திட்டு வாங்கியே படித்த சிங்களம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இவளைத் தமிழச்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். பதுளைப் பக்கம், அது போதும். பூனாகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்து படுத்துக்கிடக்கும். டொக்டர்மார் சிங்களத்தில் கேட்பார்கள். இதுகள் தெரிந்த ஒரே சிங்களமாக, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று 'ஓவ், ஓவ்' போட்டுத் தலையை ஆட்டும். வலிக்கிறதா என்றாலும் ஓவ், வலி நின்றுவிட்டதா என்றாலும் ஓவ். கடைசியில் டொக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "எங்கே இராக்கம்மா?" என்று கூப்பிடுவார்.

அந்தக் கூப்பாடு காதில் விழுந்தால் போதும், அம்மாளுக்குக் கால் தரையில் நிற்காது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கட்டிலருகே போய் நிற்பாள். துடைக்கிற கைக்கு இல்லாத மரியாதை பேசுகிற வாய்க்கு இருந்தது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறித்தான் இருந்தது, இல்லையென்று மறைப்பானேன். வயது நாற்பத்தேழு, புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினைந்து வருஷம், பிள்ளைகுட்டி கிடையாது. யாராவது ஒருத்தர் தன்னைத் தேட வேண்டுமே என்றிருக்கும் அவளுக்கு.

பெரியாயி வந்து சேர்ந்தது கார்த்திகை மாசத்து மழையில். ஐம்பத்தெட்டு வயசு. பூனாகலையில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த கை, இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. வயிறு நீர் கோத்து வீங்கி, கால் குச்சியாகிவிட்டது. தம்பி மாடசாமி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவான். ஒரே மகள் மதுஷா குவைத்தில் வீட்டு வேலை. தை மாசம் அக்ரிமென்ட் முடிகிறது, ஊருக்கு வந்துவிடுவாள் என்று பெரியாயி வார்ட் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"ராக்கு, எம்மவ வந்ததும் ஒனக்கு ஒரு சோப்புப் பொட்டி தரச் சொல்றேன் புள்ள. வெளிநாட்டுச் சோப்பு. அதுல குளிச்சன்னா, ஒன்னைய விட்டுட்டுப் போனவன் திரும்பி வந்துருவான்."

"அவன் வந்தா அந்தச் சோப்பாலயே அடிப்பேன்க்கா."

இப்படித்தான் ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பெரியாயியின் தலையை வாரிப் பின்னிவிடுவாள் இராக்கம்மா. தேத்தண்ணி ஆற்றிக் கொடுப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டொக்டர் நோனா கூப்பிட்டாள். அந்த வார்ட்டுக்குப் புதிதாக வந்த பெண், முப்பது வயசு இருக்கும். தேற முடியாத நோயாளிகளோடு பேசுவதற்கென்றே தனியாகப் படித்தவளாம். மற்றவர்கள் மாதிரி நின்றுகொண்டு பேசிவிட்டுப் போகிற ஆளில்லை. திரையை இழுத்துவிட்டாள், ஸ்டூலைப் போட்டுப் பெரியாயியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இராக்கம்மாவுக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொன்னாள். வார்ட்டில் இராக்கம்மாவை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது. குணமாக்க எங்களிடம் மருந்தில்லை. வலியைக் குறைக்கலாம், அதை நன்றாகவே குறைக்கலாம். இரண்டு மாதம் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்," என்றாள் சிங்களத்தில், தாழ்ந்த குரலில். "இதை எடுத்தவுடனே சொல்லிவிடாதே. முதலில் ஐந்து கேள்வி கேட்போம். உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? மிச்சத்தையும் தெரிந்துகொள்ள விருப்பமா? இருக்கிற நாளில் உங்களுக்கு எது முக்கியம், யாரைப் பார்க்க வேண்டும்? மூச்சு முட்டினால் மெஷினில் போட வேண்டுமா, இல்லை வீட்டில் இருக்க விருப்பமா? உங்களால் பேச முடியாமல் போனால் நாங்கள் யாரைக் கேட்பது? ஒவ்வொன்றாகக் கேள். அவசரமில்லை. அழுதால் அழட்டும், நான் இருக்கிறேன்."

எவ்வளவு பக்குவமாகச் சொன்னாள்! இராக்கம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. எல்லாம் புரிந்ததுதான் வினை.

காரணம் இருந்தது. அவளுக்குப் பதினேழு வயசில், கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தபோது, அவளுடைய அப்பா ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிங்களம் தெரிந்த மகள் என்று டொக்டர் அவளைத்தான் கூப்பிட்டார். "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்" என்றார். சின்னப் பிள்ளை, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டாள்: "அப்பா, இனிமே ஒண்ணும் செய்ய ஏலாதாம், கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க." அந்த மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கஞ்சித் தண்ணிகூட வாயில் வைக்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டார். லயத்தில் நோயாளி முகத்துக்கு நேரே நோயின் பேரைக்கூடச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். "பெத்த மகளே வாயால சொல்லி அனுப்பிட்டாளே" என்று ஒப்பாரியோடு ஒப்பாரியாக ஒருத்தி சொன்னது முப்பது வருஷமாக அவள் காதில் கிடந்தது. அதிலிருந்து வார்ட்டில் கெட்ட செய்தி எது வந்தாலும் இராக்கம்மா அதன் முனையை மழுக்கித்தான் சொல்வாள். அதைப் புண்ணியம் என்றே நினைத்திருந்தாள்.

பெரியாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னா புள்ள சொல்றாங்க நோனா? இம்பூட்டு நேரமாப் பேசுறாங்க?"

இராக்கம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

"மருந்து புடிச்சிருக்காம்க்கா. கொஞ்ச நாள் எடுக்குமாம், பயப்பட வேணாமாம்."

"மாரியாத்தா!" பெரியாயி கையெடுத்துக் கும்பிட்டாள். டொக்டர் அந்தக் கும்பிடுக்கு வேறு அர்த்தம் செய்துகொண்டு மெல்லத் தலையசைத்தாள். "அப்ப மதுஷாவ அவசரப்பட்டு வர வேணாம்னு சொல்லிறவா? நான் கெடக்குற கெடப்பப் பாத்துட்டு மாடசாமி அவளுக்கு என்னத்தையோ சொல்லி வச்சிருக்கான், அது அங்கன அழுதுகிட்டு நிக்குது."

இராக்கம்மா டொக்டரிடம் திரும்பினாள். "மகளை வரச் சொல்ல வேண்டாம் என்கிறார்."

டொக்டர் புருவத்தைச் சுருக்கினாள். "நிச்சயமாகவா? எல்லாம் தெரிந்துதானே சொல்கிறார்? இன்னொரு தடவை கேள்."

"அக்கா, நல்லாப் பாக்குறாங்களா இங்க?"

"நல்லாத்தான் தாயி பாக்குறாங்க. செய்றதெல்லாம் செய்யட்டும்."

"நிச்சயம்தானாம். எல்லா வைத்தியமும் செய்யச் சொல்கிறார்."

டொக்டர் அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து எழும்பும்போது இராக்கம்மாவின் தோளில் தட்டி, நன்றி என்றாள். நன்றியாம்!

முதல் ரெண்டு மூன்று நாள் இராக்கம்மாவுக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் பெரியாயி எழும்பி உட்கார்ந்துவிட்டாள். பாதிச் சோறு சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டில்காரியிடம், "எனக்கு மருந்து புடிச்சிருச்சு, ஒனக்கும் புடிக்கும்" என்று தைரியம் சொன்னாள். பார்த்தாயா, நான் செய்ததுதான் சரி என்று இராக்கம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலி மாத்திரையை டொக்டர் கூட்டிக் கொடுத்ததால்தான் அந்தத் தெம்பு என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

மார்கழி பிறந்து ஐந்தாறு நாளிருக்கும். இராக்கம்மா கட்டிலுக்கடியில் துடைத்துக்கொண்டிருக்கும்போது பெரியாயி போனில் பேசிவிட்டு வைத்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ராக்கு, சங்கதி கேட்டியா? எம்மவ இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டா. தையில வாரேன்னு நின்னுச்சு. நான்தான் சொன்னேன், எனக்கு நல்லாயிருச்சு, நீ இருந்து வீட்டக் கட்டி முடிச்சுட்டு வா, நான் என்ன ஓடியா போறேன்னு. மொத ஒத்துக்கல. அப்புறம் ஒன் பேரத்தான் சொன்னேன். டொக்டர் சொன்னத ராக்குச் சித்தியே கேட்டுச் சொன்னா, அவ பொய்யா சொல்லுவான்னேன். நேத்துப் போட்டுக் குடுத்துட்டாளாம்."

இராக்கம்மா கட்டிலுக்கடியிலிருந்து உடனே வெளியே வரவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷம்! இவளுக்கு ரெண்டு மாசமே முழுசாக இல்லை. அதிலும் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அந்தக் கட்டில் பக்கம் போகவே கால் பின்வாங்கியது. பெரியாயி கூப்பிட்டால், வேலை கிடக்குக்கா என்று தலையைக் குனிந்துகொண்டு போனாள். சீ, நீயும் ஒரு மனுஷியா? ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட்டுத் தரை துடைக்கிறாயா? பொழுதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று டொக்டர் அறைவரை போவாள். சொன்னால் வேலை போகும், அதைவிட இராக்கம்மா என்று கூப்பிடுகிற குரல் போகும் என்று திரும்பிவிடுவாள். இப்படி நாலு தடவை போய்த் திரும்பினாள். அந்த நாலு தடவையும் அவள் கணக்கில்தான் இருக்கிறது. யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

ஐந்தாவது தடவை உள்ளே தள்ளியது பெரியாயிதான். வயிறு திரும்பவும் வீங்கிவிட்டது. இராக்கம்மாவின் சட்டை நுனியைப் பிடித்து நிறுத்தி, "மருந்து புடிச்சிருக்குன்னா வயிறு ஏன் புள்ள திரும்ப ஏறுது? நோனாகிட்ட கேட்டுச் சொல்லேன்," என்றாள். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள்.

டொக்டர் அறையில் இராக்கம்மா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். டொக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐந்து கேள்வி கொடுத்தேன். எத்தனை கேட்டாய்?"

"ஒன்றுமில்லை, நோனா."

"ஒன்றுமேயில்லையா?"

"ஒன்றுமேயில்லை."

டொக்டரின் முகம் சிவந்தது. "மகள் வேண்டாம் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். நாளைக்கு மூச்சு நின்றால் குழாய் போடுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். நீ யார் அதைத் தீர்மானிக்க?" கத்தவில்லை; கத்தியிருந்தால் இராக்கம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழும்பினாள். "என் மேலும் பிழை இருக்கிறது. இரண்டு வருஷமாக இந்தச் சனத்துக்கு மருந்து எழுதுகிறேன், நாலு வார்த்தை தமிழ் படிக்கவில்லை. வா, இப்போதே போவோம். நான் சொல்வதை அப்படியே அவரிடம் சொல். அவர் சொல்வதை அப்படியே என்னிடம் சொல். நடுவில் உனக்கு இரக்கம் வந்தால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்."

மறுபடியும் திரை, மறுபடியும் ரெண்டு ஸ்டூல். டொக்டர் பேச வாயெடுக்குமுன் இராக்கம்மா முந்திக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய். மருந்து புடிச்சிருக்குன்னு நோனா சொல்லவே இல்ல. நானாச் சொன்னது."

பெரியாயிக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்த முகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிப்பு மெதுவாக வடிந்துபோனது. டொக்டர் கேட்டாள், இராக்கம்மா கேட்டாள். மிச்சத்தையும் தெரிந்துகொள்ள விருப்பமா என்றதற்கு, "சொல்லச் சொல்லு" என்றாள் பெரியாயி. டொக்டர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், இராக்கம்மா ஒன்றையும் விடாமல் சொன்னாள். நடுவில் ஒரு தடவை நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

பெரியாயி அழவில்லை. டொக்டரைப் பார்க்கவுமில்லை. இராக்கம்மாவைத்தான் பார்த்தாள்.

"எனக்குச் சாவுன்னா எனக்குத்தானே புள்ள மொதல்ல சொல்லணும்?"

இராக்கம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அவளக் கூப்பிட்டிருப்பேனே. ஒத்தப் புள்ளடி எனக்கு. அதுவே வாரேன்னு நின்னுச்சு. நானே, எங்கையாலயே, வராதன்னு தள்ளி விட்டுட்டேனே! பாவி, ஒன் வாயில என்ன கொள்ளிக்கட்டையா வச்சிருந்த?"

"என்ன சொல்கிறார்?" என்றாள் டொக்டர்.

இராக்கம்மா அதையும் சொன்னாள். பாவி என்றதையும் கொள்ளிக்கட்டை என்றதையும் சேர்த்தே சிங்களத்தில் சொன்னாள்.

வெகுநேரம் கழித்துப் பெரியாயி மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். மெஷின் வேண்டாம். தொண்டையில் குழாய் வேண்டாம். லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில், தன் பாயில் கிடக்க வேண்டும். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துவிடச் சொல்லு. தனக்குப் பேச்சு நின்றால் மாடசாமியைக் கேட்கட்டும். முக்கியமானது எது என்ற கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை, போனை எடுத்து இராக்கம்மாவின் மடியில் போட்டாள்.

"நீயே சொல்லு அவகிட்ட. என்னால ஏலாது."

குவைத்தில் மதுஷா பின்வாசலில் நின்று பேசினாள் போலிருக்கிறது, குரல் ஒளித்து ஒளித்து வந்தது. இராக்கம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"சித்தி, இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? திரைக்குள்ளே தமிழ் தெரிந்த இன்னொருத்தி பெரியாயி மட்டும்தான், அவளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ கையெழுத்துப் போடுறதுக்கு முந்தியே தெரியும் தாயி. நோனா சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

பிறகு, "அம்மாகிட்ட குடுங்க," என்றது குரல்.

மதுஷா என்னென்னவோ செய்து பார்த்தாள். கையெழுத்துக் காயுமுன்னே எப்படி விடுவது என்று வீட்டுக்காரன் பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை. ஏஜென்சிக்காரன் இன்று நாளை என்றான். டொக்டர் நோனா கடிதமெழுதினாள், அங்கே இங்கே போன் பண்ணினாள். ஒன்றும் அசையவில்லை. பெரியாயியை மாடசாமி பூனாகலைக்குக் கூட்டிப்போனான். போகும்போது அவள் இராக்கம்மாவோடு பேசவில்லை, ஆனால் வேனில் ஏறியபிறகு தலையை வெளியே நீட்டி, "ஞாயித்துக்கெழம வா. மருந்துத் துண்டெல்லாம் சிங்களத்துல எழுதியிருக்கு, மாடசாமிக்குப் படிக்கத் தெரியாது," என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இராக்கம்மா போனாள். எந்த மருந்து எப்போது, எவ்வளவு என்று படித்துச் சொன்னாள், தலைவாரிவிட்டாள். மன்னித்தேன் என்று பெரியாயி சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

நாலாவது ஞாயிறு வருமுன்னே, புதன்கிழமை விடியக்காலை பெரியாயி போய்விட்டாள். தோட்டத்தில் அன்று யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. இராக்கம்மா பூனாகலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. முற்றத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். காம்பரா வாசலிலேயே மாடசாமியின் பெண்சாதி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்: "அண்ணி நேத்துப் பூரா மதுஷா வந்துட்டாளா, மதுஷா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுக்கா. கதவு அசைஞ்சாக் கண்ண முழிக்கும்."

அப்போது மாடசாமியின் போன் அடித்தது. வீடியோ கோல். அவன் கொள்ளிக்குடம் எடுக்கத் தலைமுழுகிவிட்டு ஈரவேட்டியோடு நின்றான். பக்கத்தில் நின்றவள் கையில் போனைத் திணித்துவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் நின்றவள் இராக்கம்மா.

போன் கண்ணாடிக்குள்ளே மதுஷாவின் முகம் வீங்கியிருந்தது. இவளைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களா? சரி, கிட்டப் போங்க. அம்மாவக் காட்டுங்க."

இராக்கம்மா சனத்தை விலக்கிக்கொண்டு போய்த் தலைமாட்டில் முழங்காலிட்டு உட்கார்ந்து, போனைத் திருப்பிப் பிடித்தாள். மதுஷா கத்தி அழுதாள். சுற்றியிருந்த பொம்பிளைகள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். அழுகை ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் கேட்டாள்.

"சித்தி, அம்மா என்னையத் தேடுச்சா?"

தூக்கத்திலேயே போயிருச்சு தாயி, ஒண்ணும் தெரியல அதுக்கு. அந்த வார்த்தை வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. எவ்வளவு லேசான வார்த்தை! சொன்னால் அந்தப் பிள்ளை இன்னும் ரெண்டு வருஷம் அந்த அடுப்படியில் நின்று வேலை செய்ய அது போதும். பக்கத்தில் மாடசாமியின் பெண்சாதி, வேண்டாம், சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள்.

"தேடுச்சு," என்றாள் இராக்கம்மா. "நேத்துப் பூரா ஒன்னையத்தான் தேடுச்சு."

போனிலிருந்து சத்தமே வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பப் போனாள்.

"திருப்பாதீங்க," என்றாள் மதுஷா. "ஆட்டாமப் புடிங்க சித்தி. எனக்கு அம்மா மொகம் தெரியல."

இராக்கம்மா இரண்டு கையாலும் பிடித்தாள். அப்படியும் ஆடியது.